யார்டிலிருந்து வந்த பூனை

நான் வேலை பார்க்கும் கன்டெய்னர் யார்டில் பூனைகளுக்குக் குறைவே இல்லை. முந்திரி மூட்டைக்கு எலி வரும், எலிக்குப் பின்னால் பூனை வரும். துறைமுகச் சாலையில் உப்பளம் முடிகிற இடத்தில் இருக்கிறது எங்கள் யார்டு. அடுக்கி வைத்த கன்டெய்னர்களுக்கு நடுவே இருக்கும் சந்துகளில்தான் அவை பிறக்கும், வளரும், குட்டி போடும். அவற்றில் ஒன்றைக்கூட எங்களில் யாரும் தொட்டது கிடையாது. சாப்பாட்டு டப்பாவில் மிச்சமிருக்கும் மீன்முள்ளைச் சுவர் ஓரமாகப் போட்டுவிட்டு நாம் திரும்பி நடந்த பிறகுதான் வந்து தின்னும். திரும்பிப் பார்த்தால் முள்ளும் இருக்காது, பூனையும் இருக்காது.

அப்படிப்பட்ட ஒரு பூனை, சாம்பல் நிறத்தில் கறுப்பு வரி போட்டது, ஒரு காலையில் ரிவர்ஸில் வந்த டிரெய்லரின் சக்கரத்தில் அகப்பட்டுக்கொண்டது. அலறல் அலுவலக அறைக்குள் வரை கேட்டது. நான் போனபோது ஃபோர்க்லிஃப்ட் டிரைவர் தோல் கையுறை போட்டுக்கொண்டு அதை ஒரு அட்டைப்பெட்டிக்குள் தள்ளி மேலே சாக்கைப் போட்டிருந்தார். பெட்டிக்குள்ளிருந்து வந்த சீற்றத்தைக் கேட்டால் உள்ளே இருப்பது பூனை என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

“மேடம், உசுரு இருக்கு. பின்னங்காலு ஒண்ணு நசுங்கிப் போச்சு. என்ன செய்ய?”

முதலுதவிப் பெட்டி என் மேசையில் இருப்பதால் எல்லாரும் என்னைத்தான் பார்த்தார்கள். “ஆட்டோவக் கூப்பிடுங்க” என்றேன்.

கால்நடை மருத்துவர் என்னைவிட வயதில் சின்னவர். மயக்க ஊசி போட்டு, பார்த்துவிட்டு, காலை எடுத்துத்தான் ஆக வேண்டும் என்றார். எடுத்தார். கருத்தடையும் அப்போதே செய்துவிட்டார். பிறகு என்னை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசினார்.

“மூணு கால்ல நல்லாவே நடக்கும், ஏறக்கூடச் செய்யும். ஆனா யார்டுல திரும்ப விட்டீங்கன்னா நாய்க்கிட்ட மாட்டிரும். வீட்டுக்குள்ள வச்சுத்தான் வளக்கணும். அதுல ஒரு சிக்கல் இருக்கு. இதுக்கு ரெண்டு மூணு வயசு இருக்கும். பொறந்ததுல இருந்து மனுஷ வாடையே படாம வளந்திருக்கு. குட்டியா இருந்தா சுலபமாப் பழக்கிரலாம். இது ரொம்பக் கஷ்டம்.”

“எவ்வளவு நாள் ஆகும்?”

“மாசக்கணக்காகும். பழகாமலே போனாலும் போயிரும்.”

“பழகிரும் டாக்டர்” என்றேன். எந்தத் தைரியத்தில் சொன்னேன் என்று பிறகு பலமுறை யோசித்திருக்கிறேன். நாங்கள் பிடிவாதத்துக்குப் பேர்போன குடும்பம். எங்கள் ஊர் நாசரேத்தில் என் அம்மாவும் அப்பாவும் ஆசிரியர்கள். எழுத்தே வராது என்று மற்றவர்கள் கைவிட்ட பிள்ளைகளை எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார வைத்து எழுத வைத்தவர்கள். நேரம் ஆகும் என்பதை முடியாது என்று அர்த்தம் எடுத்துக்கொள்ளும் பழக்கம் எங்கள் வீட்டில் இல்லை.

என் கணவர் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். அதிகம் பேசாத மனிதர். நான் மூடிய கூடையோடு வீட்டுக்குள் நுழைந்ததும் நாற்காலியை விட்டு எழுந்தார்.

“என்னளா அது?”

“பூனை. இனிமே இங்கனதான் இருக்கும்.”

கூடைக்குள் குனிந்து பார்த்தார். உள்ளேயிருந்து ஒரு சீறல் வந்தது. இரண்டடி பின்னால் போனார். “ஏளா, இது பூனையா, பிசாசா?”

“ரெண்டும்தான். பின்னறையில வைக்கப் போறேன். நீங்க என்ன சொல்லுதிய?”

“நீ முடிவு பண்ணிட்டுத்தான வந்திருக்க. நான் என்ன சொல்ல?” என்றவர், பின்னறையிலிருந்த பழைய சைக்கிளையும் அரிசி டிரம்மையும் தானாகவே வெளியே எடுத்து வைத்தார்.

வீடு முழுவதையும் ஒரேயடியாகக் காட்டினால் அது மிரண்டு போய்ப் பரணிலோ ஃப்ரிட்ஜுக்குப் பின்னாலோ செருகிக்கொள்ளும், ஒரே ஒரு சின்ன அறை போதும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அந்த அறையில் ஒரு ஜன்னல், ஒரு பீரோ, ஒரு பழைய மேசை, அவ்வளவுதான். மேசைக்கு அடியில் அட்டைப்பெட்டியைக் கவிழ்த்து, வாசல் மாதிரி ஓர் ஓட்டை வெட்டி வைத்தேன். ஒளிய இடம் இல்லாவிட்டால் பயம் கூடுமே தவிரக் குறையாது. கடையில் விற்கிற மணலை அதற்குத் தெரியாது என்பதால் யார்டின் ஓரத்திலிருந்தே இரண்டு பை மண் அள்ளி வந்து ஒரு பிளாஸ்டிக் தட்டில் கொட்டினேன். இரவோடிரவாக அது சரியாக அந்த மண்ணிலேயே போய்விட்டு மூடியும் வைத்திருந்தது. காலையில் அதைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டதை என் கணவர் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்.

மற்றபடி அது பெட்டியை விட்டு வெளியே வரவில்லை. உப்புப் போடாமல் அவித்த சாளை மீனை வைத்துவிட்டு வந்தால், நான் கதவைச் சாத்திய பிறகுதான் தின்னும். மாத்திரையைச் சாளைக்குள் வைத்தே கொடுத்தேன். முதல் வாரத்திலேயே, காயம் எப்படி இருக்கிறதென்று பார்க்கும் ஆவலில் பெட்டியைச் சற்றுத் தூக்கினேன். ஒரு நொடிதான். கட்டைவிரலின் அடியில் நான்கு பல்லும் இறங்கிவிட்டன. அரசு மருத்துவமனையில் வரிசையில் நின்று தடுப்பூசி போட்டுக்கொண்டு, கையில் கட்டோடு வந்தேன்.

மாடியில் வீட்டுக்கார அண்ணாச்சி இருந்தார். ஒரு காலத்தில் சங்கு வியாபாரம் செய்தவர். இப்போது மொட்டைமாடியில் புறா வளர்ப்பதுதான் அவருக்கு வேலை. என் கட்டைப் பார்த்ததும் படியிலேயே நின்றுவிட்டார்.

“இந்தக் கருமத்த எதுக்கும்மா கட்டி அழுதிய? பூனைன்னாலே எனக்கு ஆகாது. மாடிப்பக்கம் அது வந்துச்சின்னா, என் புறாவுல ஒண்ணு கொறஞ்சாலும் நான் சும்மா இருக்க மாட்டேன், இப்பமே சொல்லிட்டேன்.”

“அது அறைய விட்டே வராது அண்ணாச்சி. நான் பொறுப்பு” என்றேன்.

என் கணவரும் அன்றைக்கு முதல்முறையாக “போதும்ளா” என்றார். நான் அவரிடம் கட்டைக் காட்டிச் சொன்னேன்: “கடிச்சது அதோட தப்பில்லங்க. அதோட வீட்டுக் கூரையப் பிரிச்சா அது என்ன செய்யும்? நாளையிலருந்து நான் கிட்டயே போகல. அதுவா வரட்டும்.”

அதற்குப் பிறகு என் வேலை சும்மா உட்கார்ந்திருப்பதுதான். அலுவலகம் விட்டு வந்ததும் காபியோடு பின்னறைக்குப் போய், கதவுக்குப் பக்கத்தில் தரையில் உட்காருவேன். பூனையைப் பார்க்க மாட்டேன். பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்து அன்றைய பேப்பரைச் சத்தமாக வாசிப்பேன். மனிதக் குரல் என்றால் விரட்டுவதற்கு மட்டும்தான் என்று இத்தனை காலம் அது நினைத்திருக்கும். விரட்டாத குரல் ஒன்று இருக்கிறது என்று தெரியட்டும் என்பது என் எண்ணம். தங்கம் விலை, கடலுக்குப் போக வேண்டாம் என்ற எச்சரிக்கை, கயத்தாறு பக்கம் லாரி கவிழ்ந்தது, எல்லாவற்றையும் அது பெட்டிக்குள் இருந்தபடி கேட்டது.

“பூனைக்குப் பேப்பர் வாசிச்சுக் காட்டுதாளே, எனக்கு ஒரு நாளாவது வாசிச்சியா?” என்று கூடத்திலிருந்து குரல் வரும்.

“உங்களுக்குக் கண்ணாடி இருக்குல்லா.”

தட்டை ஒவ்வொரு நாளும் ஒரு சாண் என் பக்கமாக நகர்த்தி வைத்தேன். முதலில் மூக்கு மட்டும் ஓட்டையில் தெரிந்தது. பிறகு தலை. ஒரு சாயங்காலம் உள்ளூர்ச் செய்தியில் நான் பாதி வாசித்துக்கொண்டிருந்தபோது நக்கித் தின்னும் சத்தம் கேட்டது. நான் அறைக்குள் இருக்கும்போதே அது வெளியே வந்து தின்றுகொண்டிருந்தது. வாசிப்பதை நிறுத்தினால் ஓடிவிடும் என்று தெரிந்ததால் அடுத்த பத்திக்குப் போனேன். என்ன வாசித்தேன் என்று எனக்கே தெரியவில்லை.

அது நடந்தபின் எல்லாம் சற்று வேகமாக நகர்ந்தது. மாடியிலிருந்து உதிர்ந்து முற்றத்தில் கிடந்த புறா இறகு ஒன்றை எடுத்து, தென்னை ஈர்க்கின் நுனியில் கட்டித் தரையில் மெதுவாக இழுத்தேன். அண்ணாச்சிக்குத் தெரிந்தால் என்ன சொல்லியிருப்பாரோ. மூன்று காலில் பாயவும் திரும்பவும் அது தானாகவே கற்றுக்கொண்டது. முதலில் விழுந்தது, பிறகு விழவில்லை. விளையாட்டு மும்முரத்தில் என் மடி வரைக்கும் வந்துவிட்டு, எங்கே வந்திருக்கிறோம் என்று உறைத்ததும் பின்வாங்கி ஓடும். அப்போது நான் கண்ணை மெதுவாக மூடித் திறப்பேன். முறைத்துப் பார்த்தால் சண்டைக்கு அழைப்பதாக எடுத்துக்கொள்ளும், இப்படிச் செய்தால் பயமில்லை என்று அர்த்தம் என்று மருத்துவர்தான் சொல்லிக் கொடுத்தார். ஒரு நாள் அதுவும் எனக்கு அப்படியே மூடித் திறந்து காட்டியது. நான் எழுந்து போய் என் கணவரிடம் சொன்னேன். “தூக்கமா இருக்கும்” என்றார்.

அதற்கென்று யாரும் பெயர் வைக்கவில்லை. “ஏளா, சாப்பிட வா” என்று நான் கூப்பிட்டுக் கூப்பிட்டு, அதுவே பெயராகிவிட்டது. என் கணவர் என்னையும் அப்படித்தான் கூப்பிடுவார். இப்போதெல்லாம் அவர் கூப்பிட்டுச் சமையலறையில் நான் திரும்பிப் பார்க்கும்போது, பின்னறை வாசலில் அதுவும் காதைத் திருப்பும்.

கூட்டுக்குள் போகவும் பழக்கினேன். முன்பக்கம் கம்பிக் கதவு வைத்த பிளாஸ்டிக் கூடு. கதவைக் கழற்றி அறையிலேயே போட்டுவிட்டு, நல்ல மீன் எல்லாவற்றையும் அதற்குள்தான் வைப்பேன். வைக்கும் முன் கரண்டியால் தட்டில் தட்டுவேன். ஊசி போடக் கொண்டுபோக வேண்டி வந்தால் திரும்பவும் சாக்கைப் போட்டு அமுக்கிப் பிடிக்கக் கூடாது என்பதற்காக இதைச் செய்தேன். சீக்கிரமே கரண்டிச் சத்தம் கேட்டால் கூட்டுக்குள் போய் உட்கார்ந்துகொண்டு மீனுக்குக் காத்திருந்தது. பிறகு கதவை மாட்டினேன். சாத்தினேன், திறந்தேன். அதற்கு அது ஒரு பொருட்டாகவே இல்லை. ஆனால் நான் இன்னும் அதைக் கையால் தொட்டிருக்கவில்லை. தின்னும்போது ஒரு விரலை நீட்டுவேன், முகர்ந்து பார்க்கும், அவ்வளவோடு சரி.

மார்கழி பிறந்த சமயத்தில் அந்த மழை வந்தது. என் கணவர் முந்தின நாள்தான் தங்கையைப் பார்க்க ஸ்ரீவைகுண்டத்துக்குப் போயிருந்தார். இரவெல்லாம் கொட்டியது. காலையில் அவர் பேசியபோது, “இங்கன ஆத்துல தண்ணி கரையத் தாண்டிட்டுளா. பஸ்ஸு ஒண்ணும் கெடையாது. நீ மாடிக்குப் போயிரு” என்றார். அதற்குப் பிறகு லைன் கிடைக்கவில்லை. எங்கோ குளம் உடைந்த தண்ணீர் எங்கள் தெருவுக்குள் நுழைந்து, வாசற்படி ஏறி, கூடத்துக்குள் வந்தது. சர்டிபிகேட்டுகளையும் அரிசியையும் துணிப்பையையும் மாடிக்குக் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு இறங்கி வருவதற்குள் தண்ணீர் முழங்காலைத் தொட்டுவிட்டது.

பின்னறையில் பூனை பீரோவின் உச்சியில் இருந்தது. மூன்று காலோடு எப்படி ஏறியதோ. உடம்பு இரண்டு மடங்கு உப்பி, கண்கள் கறுத்துப்போய், என்னைப் பார்த்துச் சீறியது. அதன் அட்டைப்பெட்டி ஊறிப்போய்த் தண்ணீரில் மிதந்து என் காலில் இடித்தது.

அண்ணாச்சி பின்னறைக்கு எதிரே இருக்கும் படியின் பாதியில் நின்றபடி கத்தினார். “ஏம்மா, என்ன நின்னுக்கிட்டிருக்கிய? சாக்கு இந்தா இருக்கு. மேல போட்டு அமுக்கிப் பிடிச்சிட்டு வாங்க! தண்ணி ஏறுது!”

சாக்கை எறியவும் செய்தார். அது என் தோளில் வந்து விழுந்தது. அதை எடுத்து ஜன்னல் கம்பியில் போட்டேன்.

“வேண்டாம் அண்ணாச்சி. அதுவா வரும்.”

“வருமா? நீங்க ரெண்டு பேரும் சேந்து போகப் போறிய!”

எனக்குப் பயம் இல்லாமல் இல்லை. தண்ணீர் குளிர்ந்திருந்தது, சாக்கடை நாற்றம் அடித்தது, வெளியே எதுவோ இடிந்து விழுந்த சத்தம் கேட்டது. ஆனால் ஒன்று மட்டும் எனக்கு உறுதியாகத் தெரிந்தது. சாக்கைப் போட்டால் பாதிக்குப் பாதி அது என்னைக் கிழித்துக்கொண்டு தண்ணீருக்குள் பாயும், பாய்ந்தால் போனதுதான். மேசை மேல் ஏறி நின்றேன். கூட்டைத் தூக்கிப் பீரோவின் மேல், அதற்கு எதிர்ப்பக்கத்து ஓரத்தில் வைத்தேன். மீன் இல்லை. சமையலறையிலிருந்து நெத்திலிக் கருவாடு ஒரு பிடி எடுத்து வந்திருந்தேன், அதைக் கூட்டின் உள்முனையில் போட்டேன். பிறகு கரண்டியால் தட்டில் தட்டினேன், தினமும் தட்டுவது மாதிரியே, வேகமாகவும் இல்லாமல் மெதுவாகவும் இல்லாமல். தட்டிவிட்டு, பேப்பர் வாசிக்கிற குரலில் பேச ஆரம்பித்தேன்.

“இன்னைக்குத் தூத்துக்குடியில கன மழை ளா. ரயில் எல்லாம் நின்னு போச்சு. பள்ளிக்கூடம் லீவு…”

அது என்னைப் பார்க்கவில்லை, கூட்டைப் பார்த்தது. உப்பியிருந்த வால் கொஞ்சம் இறங்கியது. ஓர் அடி வைத்தது, நின்றது. கீழே தண்ணீரில் எதுவோ மோதியது, பின்னால் போனது. நான் திரும்பத் தட்டினேன். அண்ணாச்சி இப்போது கத்தவில்லை. பூனை உடம்பைத் தாழ்த்தி, பீரோவின் விளிம்பு வழியாக ஊர்ந்து வந்து, கூட்டுக்குள் நுழைந்து, திரும்பி உட்கார்ந்தது. கதவைச் சாத்தினேன். கூட்டை அணைத்துக்கொண்டு மேசையிலிருந்து இறங்கினேன்.

அண்ணாச்சி படியிலிருந்து இறங்கி, இடுப்பு வேட்டி நனைய வந்து, கூட்டை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

மாடியில் கூடம் போக இரண்டு அறை. ஒன்றில் அண்ணாச்சியின் புறாக்கள், மழைக்குப் பயந்து கூண்டோடு உள்ளே கொண்டுவரப்பட்டிருந்தன. மற்ற அறையைத் திறந்து என்னிடம் விட்டுவிட்டு அவர் கூடத்தில் பாய் விரித்துக்கொண்டார். பூச்சு வேலைக்கு என்று வாங்கி வைத்திருந்த மணலை ஒரு பழைய பேசினில் அள்ளிக் கொண்டுவந்து, “இதுக்குத்தான கேப்பிய” என்று வைத்தார். கரண்ட் இல்லை, போன் இல்லை. அடுப்பில் கஞ்சி வைத்து இருவரும் தேங்காய்த் துவையலோடு குடித்தோம். சுவரின் ஒரு பக்கம் புறா குனுகும், மறுபக்கம் பூனை கேட்டுக்கொண்டிருக்கும்.

அது முதல் நாள் போலவே ஆகிவிட்டது. கூட்டை விட்டு வரவில்லை, தின்னவில்லை. பழகியதெல்லாம் போய்விட்டதோ என்று அண்ணாச்சி கேட்டார். “போகாது. இடம் புதுசு, அவ்வளவுதான். ஆள் பழசுதான்லா” என்றேன். தரையில் பக்கவாட்டில் உட்கார்ந்துகொண்டேன். வாசிக்கப் பேப்பர் வரவில்லை. கைக்குக் கிடைத்தது அலமாரியில் விரித்திருந்த பழைய பேப்பர்தான். எந்த ஊர்த் தேரோட்டமோ அதில் இருந்தது. அதை வாசித்தேன்.

மறுநாள் மத்தியானம் மழை நின்று, ஜன்னல் வழியாக வெயில் கொஞ்சம் விழுந்தது. நான் சுவரில் சாய்ந்து கால் நீட்டியிருந்தேன். முழங்காலில் எதுவோ பட்டது. கீழே பார்க்கவில்லை. மறுபடியும் பட்டது, இந்த முறை அழுத்தமாக. பூனை தன் நெற்றியை என் முழங்காலில் தேய்த்துக்கொண்டிருந்தது. கையை மெதுவாகக் கீழே கொண்டுபோய்த் தரையில் வைத்தேன். அது வந்து கன்னத்தை விரல்களுக்குள் நுழைத்தது. கிழிந்து ஆறிய காதும், அதன் கீழே எண்ணெய் பூசிய மாதிரி மென்மையான இடமும் என் விரலுக்குத் தெரிந்தன. அதன் தொண்டையிலிருந்து குர்ரென்று ஒரு சத்தம் வந்தது. அலறலையும் சீறலையும் தவிர வேறு குரலே அதனிடம் நான் கேட்டதில்லை. நான் அழுதேன். யாரும் பார்க்காததால் துடைத்துக்கொள்ளவும் இல்லை.

என் கணவர் தண்ணீர் வடிந்த பிறகு, பாதித் தூரம் லாரியிலும் மீதி நடந்துமாக வந்து சேர்ந்தார். பேன்டெல்லாம் சேறு. மாடிக்கு வந்து என்னைப் பார்த்து, நல்லா இருக்கிறேனா என்று கேட்டு முடித்ததும், “அவ எங்க?” என்றார்.

கீழ்வீட்டைக் கழுவிக் காயவைக்க மாதக்கணக்கானது. சேறு காய்ந்த சுவரில் தண்ணீர் நின்ற உயரம் பழுப்புக் கோடாகத் தெரிந்தது. அதற்கு மேல் சுண்ணாம்பு அடித்தோம். இந்த முறை பின்னறைக் கதவைச் சாத்தவில்லை. பூனை ஓர் அறை, அடுத்த அறை என்று சுவர் ஓரமாகவே வீட்டை அளந்து பார்த்தது. ஜன்னலுக்கெல்லாம் வலை அடித்தோம். மேற்கே இருந்து வரும் கச்சான் காற்று மணலை வாரி வீசும் நாட்களில், வலைக்குப் பின்னால் உட்கார்ந்து தெருவில் பறக்கும் பாலிதீன் பைகளை அது மணிக்கணக்காகப் பார்க்கும். வெளிவாசல் திறந்து கிடந்தாலும் அந்தப் பக்கம் போகாது.

அது மடியில் ஏறி உட்காரும் பூனையாக ஆகவில்லை. தூக்கினால் இன்றைக்கும் திமிறும். விருந்தாள் வந்தால் அவர்கள் போகும் வரை அதன் வாலைக்கூடப் பார்க்க முடியாது. என் நாத்தனார், நாங்கள் பூனை வளர்ப்பதாகச் சும்மா சொல்கிறோம் என்று வெகு நாள் நம்பிக்கொண்டிருந்தாள். மருத்துவர் கேட்டார், இன்னும் பழக்கணும் என்று நினைக்கிறீர்களா என்று. இல்லை என்றேன். அதற்குப் போதுமான அளவு அது பழகிவிட்டது. மீதி அதன் குணம். அதில் கை வைக்க எனக்கு விருப்பமில்லை.

சென்ற வாரம் தலைவலி என்று அலுவலகத்திலிருந்து சீக்கிரம் வந்தேன். கதவு திறந்திருந்தது. பின்னறையில் என் கணவரின் குரல் கேட்டது. போனில் பேசுகிறார் என்று நினைத்தேன்.

“…அவனுக்குக் கணக்கு வரும்ளா. வராதுன்னு அவங்கப்பன் சொல்லிச் சொல்லியே பயந்து போய்க் கெடக்கான். நாளைக்கு அவங்கப்பனக் கூப்பிட்டுப் பேசலாம்னு பாக்கேன். என்ன சொல்லுத?”

பதில் எதுவும் கேட்கவில்லை. எட்டிப் பார்த்தேன். விடைத்தாள்களைத் தரையில் பரப்பி நடுவில் உட்கார்ந்திருந்தார். திருத்தின கட்டின் மேல் பூனை படுத்திருந்தது. அவர் ஒரு தாளை உருவ, அது முன்னங்காலால் அதை அமுக்கிக்கொண்டது. என்னிடம் ஒரு வாரத்தில் பேசாத பேச்சை அதனிடம் பேசிக்கொண்டிருந்தார். நான் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, சத்தமில்லாமல் சமையலறைக்குப் போய் இரண்டு பேருக்கும் காபி போட்டேன்.